ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் ஆம்பியரை நம்பாதீர்கள்

கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைப்பவர்களுக்கு, கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் உண்மையிலேயே உதவும் பொருள். காரின் பேட்டரி இறங்கிப்போனால் அதில் மாட்டி வண்டியை எடுக்க உதவும் சின்ன பேட்டரிப் பெட்டி அது. நான் இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலாவது தேவைப்பட்ட அன்று கைவிட்டது. இரண்டாவது இரண்டு வருடத்துக்கு மேலாக உழைக்கிறது. ஒன்பது தடவை வண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதில் நான்கு தடவைதான் என் வண்டி, மீதியெல்லாம் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், ஒருமுறை பெருந்துறை ரோட்டில் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர். இரண்டு பெட்டிக்கும் பிராண்டு பெயர் எழுதவில்லை. ஒரே தொழிற்சாலைப் பெட்டி நான்கைந்து பெயர்களில் விற்கிறது, இன்று இருக்கும் பெயர் அடுத்த வருடம் இருப்பதில்லை, அதனால் பெயரைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

வண்டி 2016 ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி. ஊர் ஈரோடு. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இந்தப் பொருளுக்கு வெயில்தான் முதல் எதிரி.

2022 தொடக்கத்தில் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். "2000 ஆம்ப்" (ஒரே மூச்சில் பாயும் மின்னோட்டம்) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது, 12000 எம்ஏஎச் (உள்ளே தேங்கும் சார்ஜின் அளவு), டார்ச், செல்போன் சார்ஜ், எல்லாம். வந்த அன்று ஒருமுறை வீட்டு வாசலில் மாட்டிப் பார்த்தேன், வண்டி எடுத்தது. எடுக்காமல் என்ன செய்யும், காரின் பேட்டரி நன்றாகத்தானே இருந்தது! அது சோதனையே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பெட்டியை டிக்கியில் போட்டேன், மறந்துவிட்டேன். மாசி, பங்குனி, கத்திரி வெயில், ஆடிக்காற்று எல்லாம் அதன்மேல் போயிற்று.

2023 பொங்கல் விடுமுறைக்கு வால்பாறை போனோம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறில் ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, இரவு போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், தூக்கிக்கொண்டு உள்ளே போகும் அவசரத்தில் பின்சீட்டு விளக்கை அணைக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணி. அம்மாவுக்கு இரவெல்லாம் மூச்சுத் திணறல், மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கீழே பொள்ளாச்சிக்கு இறங்கிவிடலாம் என்று கிளம்புகிறோம். சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் டிக், அவ்வளவுதான். சரி, நம்மிடம்தான் பெட்டி இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்து எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டு மூடி பிளந்து, உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றிய பொதி உப்பிப்போய் வெளியே தெரிந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை.

காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறவர் வெளியே நடந்து போகவும் விடவில்லை. "வெளிச்சம் வரட்டுங்க, ராத்திரி கீழ ஆனை நின்னுட்டு இருந்துச்சு" என்றார். சாலை உதவி நிறுவனம் ஒன்றுக்கு வருடா வருடம் பணம் கட்டியிருந்தேன், ஃபோன் போட்டேன், பொள்ளாச்சியிலிருந்து ஆள் வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைசியில் உதவியது ஒரு எஸ்டேட் ஜீப் டிரைவர். ஆறே முக்காலுக்கு அந்தப் பக்கம் வந்தவர், சீட்டுக்கு அடியிலிருந்து கட்டை விரல் தடிமனில் ஜம்பர் கேபிள் எடுத்தார். "மொதல்ல என் வண்டிய ஓடவிட்டு அஞ்சு நிமிசம் உங்க பேட்டரிக்கு ஏத்தறேனுங்க, அப்புறம் நீங்க செல்ஃப் அடிங்க" என்றார். முதல் அடியிலேயே எடுத்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மாவுக்கு ஆழியாறு வந்ததும் மூச்சு சீராகிவிட்டது. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரம் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த 2000 ஆம்ப் கணக்கைப் பார்ப்போம். இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் மூன்று லித்தியம் செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், மூன்றும் சேர்ந்து 11.1, முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். 12000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது மூன்று செல்லையும் கூட்டிச் சொல்வது. ஒரு செல் உண்மையில் 4000 எம்ஏஎச்தான், அதாவது 4 ஆம்பியர்-மணி. தொடராக இணைத்தால் மின்னோட்டம் கூடாது, வோல்ட் மட்டும்தான் கூடும். 4 ஆம்பியர்-மணி செல்லிலிருந்து 2000 ஆம்பியர் வர வேண்டுமென்றால் அது தன் கொள்ளளவைப்போல 500 மடங்கு வேகத்தில் கொட்ட வேண்டும். அப்படி ஒரு செல் இந்த விலையில் இல்லை. 50 மடங்கு, மிக நல்ல செல் என்றால் சில விநாடிக்கு 100 மடங்கு, அதாவது 200 முதல் 400 ஆம்பியர். அதுவே நம் ஊர் கார்களுக்குப் போதும்! பொய் சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

எவ்வளவு தேவை என்றால், தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருந்தது, என் டீசல் வண்டியில் வைத்துப் பார்த்தோம். சாவியைத் திருப்பிய கணத்தில் எகிறிவிட்டு, மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் 170-க்கும் 200-க்கும் நடுவில் நின்றது. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். டீசலில் அழுத்தம் அதிகம், அதனால் மோட்டாருக்குப் பாடு அதிகம். 2 லிட்டருக்கு மேல் உள்ள டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பெரிய பெட்டியாகப் பார்க்க வேண்டும்.

எம்ஏஎச் கணக்கும் அப்படித்தான். 200 ஆம்பியர், 10 வோல்ட், 3 விநாடி என்று பெருக்கிப் பாருங்கள், 6000 ஜூல், ஒன்றே முக்கால் வாட்-மணிகூட இல்லை (ஒரு வாட்-மணி என்றால் 3600 ஜூல்). 12000 எம்ஏஎச் பெட்டியில் 44 வாட்-மணி இருக்கிறது. ஆக ஒரு தடவை வண்டி எடுக்க அதில் நூற்றில் நான்கு பங்குதான் செலவாகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி நோக்கோ கம்பெனியின் ஜிபி40 வைத்திருக்கிறான். அதில் உள்ளே இருப்பது வெறும் 24 வாட்-மணி, ஆனால் பெட்ரோல் 6 லிட்டர், டீசல் 3 லிட்டர் எஞ்சின் வரை எடுக்கும் என்று எழுதியே தருகிறார்கள், மைனஸ் குளிரில் அவன் எடுத்தும் இருக்கிறான். எம்ஏஎச்சைக் கூட்டிக் காட்டி விற்பது பவர்பேங்க் வியாபாரம். ஜம்ப் ஸ்டார்ட்டரில் தேங்கியிருப்பது எவ்வளவு என்பதைவிட ஒரே மூச்சில் எவ்வளவு கொட்டும் என்பதுதான் பேச்சு. அதை நம்மால் கடையில் நின்று அளக்க முடியாது, ஆனால் ஊகிக்கலாம்.

எப்படி என்றால் ஒயரைப் பாருங்கள். பெட்டியிலிருந்து கிளாம்புக்கு, அதாவது பேட்டரியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புக்கு, போகும் ஒயர் செல்போன் சார்ஜர் ஒயரைவிடக் கொஞ்சம்தான் தடிமன் என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், 2000 ஆம்பியர் அல்ல, 200 ஆம்பியர்கூட அதில் ஒழுங்காகப் போகாது, ஒயர் சூடாகித் தன்னிலேயே தின்றுவிடும். சுண்டுவிரல் தடிமனாவது வேண்டும், மேலுறை ரப்பர் மாதிரி வளைய வேண்டும், நீளம் குறைவாக இருந்தால் நல்லதே. கிளாம்பைத் திறந்து பாருங்கள், இரண்டு தாடையிலும் செம்பு இருக்கிறதா, இரண்டையும் பட்டையோ ஒயரோ வைத்து இணைத்திருக்கிறார்களா? மலிவான கிளாம்பில் ஒரு தாடையில் மட்டும்தான் ஒயர் வந்து சேரும், இன்னொன்று சும்மா பிடிப்புக்கு. ஸ்பிரிங் வலுவாக இருக்க வேண்டும். என் முதல் பெட்டியின் கிளாம்ப் துணி காயப்போடும் கிளிப் போலத்தான் இருந்தது.

அடுத்தது எடை. நல்ல செல்லுக்குக் கனம் உண்டு. அப்புறம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு. லித்தியம் செல்களுக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 தரப்படி கட்டாயப் பதிவு இருக்கிறது. பெட்டியின் அடியில் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். என் முதல் பெட்டியில் அந்த எண்ணே இல்லை, வாங்கும்போது பார்க்கத் தோன்றவில்லை. சார்ஜ் செய்ய டைப்-சி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பெட்டிகளுக்குத் தனி முனை கொண்ட சார்ஜர் கொடுப்பார்கள், அது தொலைந்தால் பெட்டியை மூலையில் போட வேண்டியதுதான்.

கிளாம்பில் மின்சுற்றுப் பாதுகாப்பு இருப்பதையே வாங்குங்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கத்தும், மின்சாரம் விடாது. கிளாம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று பட்டாலும் விடாது. வண்டி ஓட ஆரம்பித்ததும் டைனமோவிலிருந்து 14 வோல்ட் பெட்டிக்குள் திரும்ப ஏறாமல் தடுக்கும். லித்தியம் செல்லுக்கு அந்தத் தடை உயிர்நாடி. இந்தச் சுற்று இல்லாமல் வெறும் ஒயரும் கிளாம்புமாக வருவதும் சந்தையில் இருக்கிறது, முந்நூறு ரூபாய் மிச்சம் என்று அதை எடுக்காதீர்கள்.

இப்படியெல்லாம் பார்த்து 2023 ஏப்ரலில் கோயம்புத்தூரில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் கையில் வாங்கிப் பார்த்து எடுத்ததுதான் இரண்டாவது பெட்டி, 6,400 ரூபாய். அதில் போட்டிருந்தது 1000 ஆம்ப் பீக், கூடவே ஸ்டார்ட்டிங் ஆம்ப் 400 என்று தனியாகவும் சின்ன எழுத்தில். அந்த இரண்டாவது எண்ணைப் போட்டிருந்ததாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. பீக் என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு வருவது, அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட முறை கிடையாது, ஆளுக்கொரு எண் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தமுறை சோதனையை ஒழுங்காகச் செய்தேன். பேட்டரிக்கடையில் மாற்றிக் கழற்றிப் போட்டிருந்த, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய ஒரு பழைய பேட்டரியை வண்டியில் மாட்டச் சொல்லி, தனியாகச் செல்ஃப் அடித்தால் எடுக்காது என்று உறுதி செய்துவிட்டு, பெட்டியை மாட்டினோம். இரண்டாவது விநாடியில் எடுத்தது. அங்கேயே தொடர்ந்து நான்கு தடவை, நடுவில் ஒவ்வொரு நிமிடம் விட்டு. நான்கு விளக்கில் மூன்று அப்படியே இருந்தது. கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒயர் சூடாவலீங்க, பரவால்ல" என்றார். நீங்களும் முடிந்தால் திரும்பக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் இப்படி ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

பயன்படுத்தும் முறை. முதலில் ஹெட்லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து சாவியை எடுத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து டெர்மினலை (பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளை) பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதன் மேல் கிளாம்பைக் கடிக்கவிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, அந்த உப்பு மின்சாரத்தை விடாது. சுரண்டிவிட்டு உலோகம் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். (வீட்டில் இருக்கும்போது வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு வாஸ்லின் தடவிவிட்டால் பல மாதத்துக்குப் பூக்காது. பாதிப்பேர் பேட்டரி போய்விட்டது என்று நினைப்பது இந்தப் பூச்சினால்தான்.) சிவப்பு கிளாம்ப் பிளஸ்ஸில். கறுப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்புப் பகுதியில் மாட்டுவது நல்லது, ஏனென்றால் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாக மாட்டும் கிளாம்பில்தான் தீப்பொறி பறக்கும், அது பேட்டரியை விட்டுத் தள்ளி நடக்கட்டும். உங்கள் பெட்டியோடு வந்த தாளில் எதை முதலில் மாட்டச் சொல்லியிருக்கிறதோ அந்த வரிசையை விடாதீர்கள். பச்சை விளக்கு வந்ததும் செல்ஃப். டீசல் என்றால் சாவியை ஒரு நிலை திருப்பி ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுங்கள். மூன்று விநாடி, அதிகம் போனால் ஐந்து. எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விடுங்கள். பதற்றத்தில் பத்துப் பதினைந்து விநாடி தொடர்ந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பெட்டியும் போகும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் போகும். எடுத்துவிட்டால் அரை நிமிடத்துக்குள் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள், கறுப்பு முதலில்.

சில சமயம் பச்சையும் வராது, சிவப்பும் வராது. பேட்டரி அடியோடு காலியாகி, அங்கே ஒரு பேட்டரி இருப்பதே கிளாம்புக்குத் தெரியாமல் போனால் அப்படி ஆகும். தம்பியின் ஜிபி40-க்கு அந்த எல்லை 2 வோல்ட், மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. அதற்குத்தான் பூஸ்ட் என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரம் விடும், மாற்றி மாட்டினால் தடுக்கும் பாதுகாப்பும் அந்த நேரத்தில் இருக்காது. ஆகவே பூஸ்ட்டை அழுத்துவதற்கு முன்னால் இன்னொருவரை அழைத்து சிவப்பு பிளஸ்ஸில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இருட்டில் ஒருவர் கண்ணை நம்பக் கூடாது. இரண்டு வருடத்தில் எனக்கு ஒரே ஒரு முறைதான் அது தேவைப்பட்டது, பக்கத்து வீட்டு ஐயா மகனைப் பார்க்க நான்கு மாதம் வெளிநாடு போய்விட்டு வந்தபோது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை வைத்து வண்டி எடுப்பதை வீடியோவில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். பேட்டரி டைனமோவுக்கு ஒரு மெத்தை போல, அது இல்லாமல் பெட்டியைக் கழற்றிய கணத்தில் வோல்ட் எகிறி ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அடிபடலாம்.

எல்லாக் கோளாறும் பேட்டரி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். டிக் டிக் என்று வேகமாக அடித்தால் வோல்ட் இல்லை, பெட்டி உதவும். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, விளக்குகள் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து ஒரு சத்தமும் இல்லை என்றால் கிளட்ச்சை முழுதாக மிதித்தீர்களா, சாவியின் சின்ன பேட்டரி தீர்ந்ததா என்று பாருங்கள். மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல், பம்ப் என்று வேறு கதை, பெட்டியை வைத்து மேலும் மேலும் சுற்றாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இதைத் தொடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தோம். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும், அதற்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

வண்டி எடுத்துவிட்டதால் பேட்டரி சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். அடியோடு இறங்கிய பேட்டரி அரை மணி நேர ஓட்டத்தில் நிறையாது. பேட்டரிக்கடையில் விட்டு இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு 300 ரூபாய் மல்ட்டிமீட்டர் வாங்கிக்கொண்டால் நீங்களே பார்க்கலாம். இரவு நிறுத்தி காலையில் பார்த்தால் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரிக்கு மாற்று பார்க்கத் தொடங்கலாம். மாதத்துக்கு இரண்டு தடவை ஜம்ப் ஸ்டார்ட் தேவைப்படும் வண்டிக்குத் தேவை புதுப் பேட்டரி.

இனி, எங்கே வைப்பது? இதில்தான் நான் முதலில் தவறினேன். என் இரண்டாவது பெட்டியின் தாளில் சார்ஜ் ஏற்ற 40 டிகிரி வரை, வைத்திருக்க 60 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. ஈரோட்டில் மே மாதம் நிழலிலேயே 40 தாண்டும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தொடுவது இங்கே சாதாரணம், டாஷ்போர்டு மேல் இன்னும் அதிகம். உப்பிய லித்தியம் பொதி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி உடனே அணைக்கிற நெருப்பு இல்லை அது, நினைத்தாலே பயமாக இருக்கிறது, அந்தப் பெட்டிக்கு இரண்டடி தள்ளிப் பின்சீட்டில்தான் என் பிள்ளைகள் உட்கார்ந்து வந்தார்கள். ஆக இப்போது பெட்டி வீட்டுக்குள், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெளியூர் போகும்போது மட்டும் வண்டியில் ஏறும், முன்சீட்டுக்கு அடியில், வெயில் படாமல். சாப்பிட இறங்கினால் தண்ணீர் பாட்டிலோடு அதுவும் கையில் வரும். உள்ளூரில் வண்டி நின்றால் வீட்டிலிருந்து யாராவது கொண்டு வந்து தரலாம், அதனால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. சூப்பர் கெபாசிட்டர் வகை என்று ஒன்றும் வருகிறது, லித்தியம் இல்லாததால் வெயிலைத் தாங்கும், இறங்கிய பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜை உறிஞ்சியே தன்னை நிரப்பிக்கொள்ளும், ஆனால் விலை கூட, நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

டிக்கியில் வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், இப்போது பல கார்களில் டிக்கி திறப்பது மின்சார பூட்டு. பேட்டரி காலியானால் டிக்கி திறக்காது. என் சித்தப்பா மருமகனுக்கு அப்படித்தான் ஆயிற்று, பெட்டி உள்ளே, அவர் வெளியே, கடைசியில் பின்சீட்டை மடக்கி ஊர்ந்து போய் எடுத்திருக்கிறார். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை எடுப்பது எப்படி, கதவில் அதன் துவாரம் எங்கே என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்குக்கும் பயன்படும். 2021-இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போல கிக்கரே இல்லாத வண்டிகள் கூடிவிட்டன, 12 வோல்ட் தான், ஆனால் டெர்மினலுக்கு இடம் நெருக்கம், பெரிய கிளாம்ப் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும், கவனம். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது, அது இறங்கினாலும் வண்டி எழுந்திருக்காது, கார் கம்பெனி புத்தகத்தில் அனுமதித்திருந்தால் இதை வைத்து எழுப்பலாம். லாரி, பஸ் 24 வோல்ட், அதில் இந்தப் பெட்டியை மாட்டக் கூடாது.

என் பெட்டியில் குறை இல்லாமல் இல்லை. ஒயர் நீளம் ஒரு சாண்தான், பெட்டியை வைக்க எஞ்சின் பக்கத்தில் சமமான இடம் தேட வேண்டியிருக்கிறது, சில வண்டிகளில் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நான்கு விளக்குக்குப் பதில் சதவீதம் காட்டும் திரை இருந்திருக்கலாம். டார்ச் நன்றாக இருக்கிறது. செல்போன் சார்ஜ் செய்ய நான் விடுவதில்லை, வீட்டில் பிள்ளைகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், பாதிக்குக் கீழே இறங்கிய பெட்டி விளக்கு காட்டுமே தவிர டீசல் எஞ்சினைச் சுற்றும் வேகத்தில் கொட்டாது.

இது வாங்கியபிறகும் அந்த ஜீப் டிரைவர் வைத்திருந்தது போன்ற தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை, 900 ரூபாய், டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு வெயிலும் இல்லை, சார்ஜும் இல்லை, இன்னொரு வண்டி கிடைத்தால் போதும். அடிக்கடி ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு அந்தக் கேபிளே போதுமென்றுகூடச் சொல்வேன். தனியாக இரவில் போகிறவர்கள், பெண்கள், வயதானவர்களை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்கள், இவர்களுக்குப் பெட்டி அவசியம்.

உப்பிப்போன முதல் பெட்டியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. குத்தவோ திறக்கவோ கூடாது. மொட்டை மாடியில் நிழலில் மணல் போட்ட பழைய இரும்பு வாளிக்குள் வைத்திருந்தேன். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் நான் எழுதிய மூன்று மின்னஞ்சலுக்கும் விற்றவரிடமிருந்து பதில் இல்லை. பழைய கார் பேட்டரி என்றால் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பார், அதில் ஈயம் இருக்கிறது, இதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் கோயம்புத்தூரில் மின்னணுக் கழிவு சேகரிக்கிற ஓர் இடத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போதே பில் கொடுக்கிற, முகவரி உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள் என்பது இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்க்கச் சொல்கிறார்கள். செல்போனில் நினைவூட்டல் வைத்தால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன். அதனால் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி முதல் தேதி என்று வைத்துக்கொண்டேன், நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அம்மாவே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். இந்த ஆடி ஒன்றாம் தேதி பார்த்தபோது நான்கில் மூன்று விளக்கு எரிந்தது. மின்விசிறிக்குக் கீழே வைத்து சார்ஜ் போட்டேன்.